சீன எழுத்து ‘தா’: “அடி” என்ற ஒரே பொருளோடு படித்தால் போதுமா?

மல்லிச்சரம்:

வணக்கம். எச்எஸ்கே (சீன மொழித் திறன் தேர்வு) இரண்டாம் நிலைப் பாடங்களில் ஓர் எழுத்து விடாமல் துரத்துகிறது. மூன்றாம் தொனியில் (குரலை இறக்கி ஏற்றும் ஒலிப்பில்) ‘தா’. யூனிகோடு எண் 6253. தேடுபொறியில் போட்டால் எழுத்தைப் பார்க்கலாம். அகராதியில் முதல் பொருள் “அடி”. ஆனால் ஃபோன் செய்ய, கூடைப்பந்து ஆட, டாக்சி பிடிக்க, குடை பிடிக்க, ஊசி போட, தள்ளுபடி தர, தும்ம, கொட்டாவி விட என்று எல்லாவற்றுக்கும் இதுவே வருகிறது.

இருபது பொருளையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டுமா, இல்லை அடியில் ஏதாவது ஒழுங்கு இருக்கிறதா? தமிழிலும் மணி அடிக்கிறோம், டைப் அடிக்கிறோம், வெள்ளை அடிக்கிறோம். அந்தப் பழக்கத்தை நம்பி வாக்கியம் அமைக்கலாமா? எழுதும் முறை, உச்சரிப்பு பற்றியும் சொன்னால் உதவியாக இருக்கும்.

தூரிகை:

எழுத்திலிருந்து தொடங்குகிறேன். ஒலிகளைத் தமிழில் எழுதி, பக்கத்தில் தொனி எண்ணைப் போடுகிறேன். எண் இல்லாவிட்டால் அது தொனியற்ற மென்னசை. மூச்சு சேர வேண்டிய இடங்களில் ‘ஹ’ சேர்க்கிறேன்.

மொத்தம் ஐந்து கோடுகள். இடப்பக்கம் கை என்ற எழுத்துறுப்பின் ஒடுங்கிய வடிவம், மூன்று கோடு. வலப்பக்கம் ‘திங்1’ என்ற எழுத்து, இரண்டு கோடு. வரிசை இது: முதலில் இடப்பக்கத்தில் குட்டையான கிடைக்கோடு. இரண்டாவது, அதை வெட்டி மேலிருந்து கீழே வரும் நெடுக்கோடு. முடிவில் இடப்பக்கம் ஒரு கொக்கி. மூன்றாவது, இடது கீழிருந்து வலது மேல் நோக்கி வீசும் கோடு. பிறகு வலப்பக்கத்தின் கிடைக்கோடு, கடைசியாக அதன் நடுவிலிருந்து இறங்கும் நெடுக்கோடு, அதற்கும் கொக்கி உண்டு.

பலர் சறுக்குவது மூன்றாவது கோட்டில். அதை இடமிருந்து வலமாகத் தட்டையாக இழுத்துவிடுகிறார்கள். அது ‘த்ஹி2’ எனப்படும் ஏறுகோடு. பேனாவை இடக்கீழில் அழுத்தி வைத்து மேலே வீசி எடுக்க வேண்டும். நுனி மெலிந்து முடியும். வீசிய கை அப்படியே அடுத்த கோடு தொடங்கும் வலப்பக்கத்துக்குப் போய்விடும், கோட்டின் சாய்வுக்குக் காரணம் அதுதான். அகலத்தில் கை உறுப்புக்கு மூன்றில் ஒரு பங்கு கொடுங்கள், மீதி வலப்பக்கத்துக்கு. பாதிப் பாதி கொடுத்தால் இரண்டு தனி எழுத்துகள் போலத் தெரியும்.

இதே கை உறுப்பு ‘தேடு’ (ஜாவ்3) எழுத்திலும் இருக்கிறது. வேகமாகப் படிக்கையில் இரண்டும் குழம்பும். தேடுவதில் வலப்பக்கம் ஈட்டி போன்ற உறுப்பு, சாய்கோடும் புள்ளியும் கொண்டது. ‘தா’வில் வலப்பக்கம் மொட்டையாக இருக்கும், சாய்வே கிடையாது.

உச்சரிப்பில் தமிழர்களுக்குப் பெரிய வசதி ஒன்று இருக்கிறது. பின்யினில் (சீன ஒலிகளை ரோமன் எழுத்தில் எழுதும் முறை) இதை ஆங்கில ‘டி’ எழுத்தில் எழுதுவதால் பலரும் ‘டா’ என்கிறார்கள். அது தவறு. “தண்ணீர்” என்ற சொல்லின் முதல் ‘த’வை எப்படிச் சொல்கிறோமோ அப்படியே சொல்லுங்கள்: தொண்டை அதிரக் கூடாது, காற்றும் வெளியே பீறிடக் கூடாது. உதட்டுக்கு முன்னால் மெல்லிய தாள் ஒன்றைப் பிடித்துச் சொல்லிப் பாருங்கள். தாள் அசையாவிட்டால் சரி. அசைந்தால் நீங்கள் சொன்னது ‘த்ஹா3’, அதாவது கோபுரம்.

மூன்றாம் தொனியைப் பாடப்புத்தகப் படத்தில் இருப்பதுபோல் ஒவ்வொரு தடவையும் இறக்கி ஏற்ற வேண்டாம். பின்னால் வேறு தொனி வந்தால் குரலைத் தாழ்த்தி, அங்கேயே விட்டுவிடுங்கள்: தா3 தியென்4ஹுவா4 (ஃபோன் செய்), தா3 ச்சியூ2 (பந்து ஆடு). பின்னால் இன்னொரு மூன்றாம் தொனி வந்தால் ‘தா’ இரண்டாம் தொனியாக ஏறும். தண்ணீர் பிடிப்பது, குடை பிடிப்பது, பெருக்கிச் சுத்தம் செய்வது, தொந்தரவு செய்வது, முரசு அடிப்பது எல்லாமே இந்த வகை. எழுதுவது தா3 ஸான்3, வாயில் வருவது தா2 ஸான்3.

சொல்வேட்டை:

ஒழுங்கு இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறது, ஆனால் அது பின்னோக்கிப் பார்த்தால் தெரியும் ஒழுங்கு. பெரிய சீன அகராதிகள் இந்த எழுத்துக்கு இருபதுக்கும் மேல் பொருள் தருகின்றன. அவற்றை நான் சில கிளைகளாகப் பிரிப்பேன்.

கையால் அடிப்பது வேர். அடித்து ஒன்றை உருவாக்குவது முதல் கிளை: இரும்பு அடிப்பது, மரச்சாமான் செய்வது, கிணறு தோண்டுவது (தா3 ஜிங்3), கம்பளிச் சட்டை பின்னுவது (தா3 மாவ்2யீ1). இரண்டாவது, ஓர் இடத்துக்குப் போய் எடுத்துக்கொண்டு வருவது: தண்ணீர், விறகு, மீன், உணவுக்கூடத்தில் சாப்பாடு. மூன்றாவது, வெளியே விடுவது அல்லது அனுப்புவது: துப்பாக்கி சுடுதல், தொலைபேசி, இடி இடித்தல் (தா3 லெய்2). உடம்பிலிருந்து தன்னால் வெளிப்படுவதும் இங்கேதான் வரும்: தும்மல் (தா3 ப்ஹென்1த்ஹி4), கொட்டாவி (தா3 ஹா1ச்சியென்), ஏப்பமும் விக்கலும் (தா3 கெ2), குறட்டை (தா3 ஹு1லு). நான்காவது, கையில் உயர்த்திப் பிடிப்பது: குடை, கொடி, லாந்தர். ஐந்தாவது, ஆட்டங்கள். கடைசியில் எதிலும் அடங்காத ஒரு கூட்டம், “ஈடுபடு” என்ற பொத்தாம்பொதுவான பொருளில்: வழக்காடுவது, பந்தயம் கட்டுவது, கூலி வேலை செய்வது (தா3 கோங்1).

இரண்டாம் கிளையை நெருக்கமாகப் பார்க்க ‘தா3 ஜியாங்4யோ2’ நல்ல எடுத்துக்காட்டு. ஜியாங்யோ என்பது சோயா சாஸ். கடையில் பெரிய ஜாடியிலிருந்து கரண்டியால் மொண்டு, நாம் கொண்டுபோன புட்டியில் அளந்து ஊற்றித் தருவார்கள். அப்படிச் சில்லறையாக வாங்குவதுதான் ‘தா’. எண்ணெய்க்கும் மதுவுக்கும் இதே வினை. அடைத்து முத்திரையிட்ட புட்டியை அலமாரியிலிருந்து எடுத்தால் சாதாரண ‘வாங்கு’ (மாய்3) போதும். 2008-இல் குவாங்ஜோ தொலைக்காட்சி நிருபர் தெருவில் போனவரிடம் பரபரப்பான செய்தி ஒன்றைப் பற்றிக் கருத்துக் கேட்க, “எனக்கென்ன சம்பந்தம், நான் சோயா சாஸ் வாங்க வந்தேன்” என்று அவர் சொன்னது நாடெங்கும் பரவியது. அன்றிலிருந்து இணையத்தில் இந்தத் தொடருக்கு “நான் சும்மா வந்து போறவன்” என்ற பொருளும் ஒட்டிக்கொண்டது. அகராதிப் பொருளை மட்டும் வைத்துப் படித்தால் பதிவு புரியாது.

‘தா’ இப்படிக் கிளைவிட்டது இன்று நேற்றல்ல. சோங் வம்ச அறிஞர் ஓயாங் ஷியூ (1007–1072) இதைப் பற்றியே ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். படகும் வண்டியும் செய்வது, மீன் பிடிப்பது, தண்ணீர் எடுப்பது, வேலையாட்களுக்குச் சாப்பாடு கொண்டுபோவது, குடை பிடிப்பது, பசையால் தாள் ஒட்டுவது, அளப்பது எல்லாவற்றையும் மக்கள் ‘தா’ என்கிறார்கள், படித்தவர்களும் அப்படியே பேசுகிறார்கள் என்று குறைப்பட்டார். ஒலியைப் பற்றியும் அவருக்கு மனத்தாங்கல். பழைய நூல்களின்படி இது ‘திங்’ போல ஒலிக்க வேண்டிய எழுத்து. 986-இல் ஷு ஷுவான் பழைய ஷுவோவென் அகராதியைத் திருத்திப் பதிப்பித்தபோது இதைப் புதிதாகச் சேர்த்தார். கை பொருளைத் தருகிறது, ‘திங்’ ஒலியைத் தருகிறது என்பது அவர் தந்த விளக்கம். மக்கள் வாயில் நின்றதோ ‘தா’. இருபதாம் நூற்றாண்டில் மொழியியலாளர் லியூ பன்னோங் இதற்குப் “போக்கிரி எழுத்து” என்றே பெயர் வைத்தார்.

படிப்பவருக்கு இதனால் ஒரு பயன் உண்டு. வலப்பக்க ‘திங்’ ஒலிக்குறிப்பு என்று தெரிந்தால், அதே உறுப்பு வரும் பிற எழுத்துகளில் அது வேலை செய்யும்: ஆணி திங்1, உச்சி திங்3, முன்பதிவு திங்4, கூடம் த்ஹிங்1. இந்தக் குடும்பத்தில் ‘தா’ மட்டும் விலகிப்போன பிள்ளை. அதன் ஒலியைத் தனியாகத்தான் நினைவில் வைக்க வேண்டும்.

ஏழாம்பக்கம்:

சொல்வேட்டை தந்த கிளைகள் வாசிப்பதற்கு உதவும். பேசுவதற்கு உதவாது என்பது என் உறுதியான கருத்து. “வெளியே அனுப்புவது” என்ற கிளையைப் பிடித்துக்கொண்டு மின்னஞ்சலுக்கும் ‘தா’ போட்டால் தப்பு, அதற்கு ‘ஃபா1’. ஆட்டம் என்று பிடித்துக்கொண்டு கால்பந்துக்குப் போட்டாலும் தப்பு. காலால் ஆடுவதால் அது ‘த்ஹி1’ (உதை). சதுரங்கத்துக்கு ‘ஷியா4’ (இறக்கு, காய் வை). கூடைப்பந்து, கைப்பந்து, இறகுப்பந்து, கிரிக்கெட், சீட்டு, மாஜாங், வீடியோ கேம், தைச்சிச்சுவான் இவற்றுக்கு ‘தா’. ஆகவே அட்டையில் எழுத்தைத் தனியாக எழுதிப் படிக்காதீர்கள். பெயர்ச்சொல்லோடு சேர்த்து ஒரு ஜோடியாக எழுதுங்கள். ஒரு கட்டத்துக்கு எட்டு, பத்து ஜோடி தாராளம்.

அதைவிட முக்கியம் வாக்கிய அமைப்பு. இந்த ஜோடிகள் பிரியக்கூடியவை. வினைக்குப் பின்னால் ஏற்கெனவே ஒரு பெயர்ச்சொல் உட்கார்ந்துவிட்டதால், ஆளை அதற்குப் பின் நேராக ஒட்ட முடியாது. அம்மாவுக்கு ஃபோன் செய்கிறேன்:

வோ3 கெய்3 மா1மா தா3 தியென்4ஹுவா4.

‘கெய்3’ நம் நான்காம் வேற்றுமை “கு” செய்யும் வேலையைச் செய்கிறது, ஆளுக்கு முன்னால் வருகிறது. “ஃபோன்” என்ற சொல்லை விழுங்கி ‘வோ3 தா3 மா1மா’ என்றால் “நான் அம்மாவை அடிக்கிறேன்” என்று ஆகிவிடும். சண்டைக்கும் (தா3 ஜியா4) அதே விதிதான்: “அவனோடு” என்பதற்கு ‘கென்1 த்ஹா1’ முன்னால் வர வேண்டும், பின்னால் ஆளை வைக்க முடியாது.

எத்தனை தடவை, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் நடுவில் நுழையும். இரண்டு தடவை ஃபோன் செய்தேன்: தா3 லெ லியாங்3 ட்ஸ்ஹு4 தியென்4ஹுவா4. முடிந்ததைக் காட்டும் ‘லெ’ வினையை ஒட்டி வருகிறது, எண்ணிக்கை அதற்குப் பின், ஃபோன் கடைசியில். “ஃபோன்” வரை முழுதாகச் சொல்லிவிட்டு வாலில் எண்ணிக்கையைக் கட்டுவது தேர்வில் அடிக்கடி மதிப்பெண் போகும் இடம்.

ஆனால் ‘தா’வில் தொடங்கும் எல்லாச் சொல்லும் பிரியாது. திட்டமிடு (தா3ஸுவான்4), விசாரி (தா3த்ஹிங்), அலங்கரி (தா3பான்), சுத்தம் செய் (தா3ஸாவ்3) இவை ஒட்டிய சொற்கள். இவற்றின் பின்னால் செயப்படுபொருள் தாராளமாக வரலாம்: தா2ஸாவ்3 ஃபாங்2ஜியென்1, அறையைச் சுத்தம் செய். சோதனை எளிது. இரண்டாவது அசை தனியாக ஒரு பொருளைக் குறிக்கும் பெயர்ச்சொல்லா என்று பாருங்கள். ஃபோன், பந்து, குடை, ஊசி என்றால் பிரியும். ‘கேள்’, ‘கணக்கிடு’, ‘பெருக்கு’ போன்ற வினை என்றால் பெரும்பாலும் பிரியாது.

விளைவைச் சொல்லும் இணைப்புகளையும் சேர்த்துப் படியுங்கள். தா3 த்ஹோங்1 என்றால் லைன் கிடைத்தது, நடுவில் ‘பு’ போட்டு தா3 பு த்ஹோங்1 என்றால் கிடைக்கவில்லை. தா3 ட்ஸ்ஹுவோ4 லெ என்றால் ராங் நம்பர். தா3 ப்ஹோ4 உடைத்தல், தா3 பாய்4 தோற்கடித்தல்.

மல்லிச்சரம்:

ரொம்ப நன்றி. ஜோடியாகப் படிப்பது புரிந்தது. நம் “அடி” எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும் என்று யாராவது சொல்ல முடியுமா? ‘திற’ என்பதற்கு ‘தா3க்ஹாய்1’, வெறும் ‘க்ஹாய்1’ இரண்டும் வருகிறதே, அதையும் சொல்லுங்கள்.

தூரிகை:

கைகொடுக்கும் இடங்கள் வியப்பாக நிறைய. மேளம் அடி, மணி அடி (தா3 லிங்2), இரும்பு அடி, சைக்கிளுக்குக் காற்று அடி (தா3 ச்சி4), டைப் அடி (தா3 ட்ஸு4), ஃபோன் அடி. பிரிண்ட் எடுப்பதும் ‘தா’தான், தா3யின்4. ஆனால் ஜெராக்ஸ் அடிப்பது ‘ஃபு4யின்4’. கடையில் மாற்றிச் சொன்னால் பென்டிரைவ் எங்கே என்று கேட்பார்கள்.

காலை வாரும் இடங்களைக் கவனமாகப் படியுங்கள். வெளியே காற்று வீசி அடிப்பது குவா1 ஃபெங்1, ‘தா’ வராது. இடிக்கு மட்டும் வரும். வெயில் அடிப்பதற்கும் வராது. பெயிண்ட் அடிப்பது ஷுவா1, விசில் அடிப்பது ச்ஹுவெய்1 (ஊது). “தண்ணி அடிப்பது” என்று நினைத்துக்கொண்டு ‘தா2 ஜியூ3’ சொன்னால், சொல்வேட்டை சொன்ன மாதிரி மதுவை அளந்து வாங்கி வருவது என்றுதான் பொருள். குடிப்பது ஹெ1 ஜியூ3.

கூடாரம் அடிப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. அதற்கான வினையும் ‘தா’தான், ஆனால் முதல் தொனி, வேறு எழுத்து. அதிலும் கை உறுப்பு உண்டு, மொத்தம் பன்னிரண்டு கோடு. இந்த இரண்டும் வண்டியோடு சேரும்போது குழப்பம் முற்றும். தா3 ச்ஹெ1 என்றால் டாக்சி பிடிப்பது, தா1 ச்ஹெ1 என்றால் வண்டியில் ஏறிப் போவது, ஒருவர் வண்டியில் லிஃப்ட் வாங்குவதும் அதில் அடங்கும். முன்னதில் குரல் அடியில் இருக்க வேண்டும், பின்னதில் உயரத்தில் சமமாக நிற்க வேண்டும்.

ஊசிக்கு நாம் “போடு” என்கிறோம், அவர்கள் ‘தா3 ஜென்1’. நர்ஸ் போட்டார், நான் போட்டுக்கொண்டேன் என்று வினையிலேயே நாம் காட்டும் வேறுபாடு சீனத்தில் இல்லை. “வோ3 ச்சு4 தா3 ஜென்1” என்றால் பெரும்பாலும் ஊசி போட்டுக்கொள்ளப் போகிறேன் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

‘திற’ விஷயம்: பெட்டி, ஜன்னல், புத்தகம், கோப்பு, டிவி போன்ற மூடியிருக்கும் அல்லது அணைந்திருக்கும் பொருளுக்கு தா3க்ஹாய்1 பொருந்தும். கார் ஓட்டுவது, கூட்டம் நடத்துவது, கடை தொடங்குவது இவற்றுக்கு வெறும் க்ஹாய்1 மட்டும். “காரை தா3க்ஹாய்1” என்றால் கதவைத்தான் திறப்பார்கள், ஓட்ட மாட்டார்கள்.

பினாங்குவாசி:

மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்கள் இந்த எழுத்தைத் தெரியாமலே தினமும் சொல்கிறார்கள். சாப்பாட்டுக் கடையில் பார்சல் கேட்கச் சொல்லும் “தாபாவ்” இந்த ‘தா’வோடு பொட்டலம் என்ற ‘பாவ்1’ சேர்ந்ததுதான். மாண்டரினில் தா3பாவ்1. சீனாவில் சாப்பிட்டு மிஞ்சியதைக் கட்டித் தரச் சொல்வதற்கும் இதுவே. வாங்கியதும் எடுத்துப்போவதற்கு தாய்4 ட்ஸோ3 என்றும் கேட்பார்கள். பினாங்கில் பேசும் ஹொக்கியன் என்ற சீன வட்டார மொழியில் ஃபோன் செய்வதற்கு ‘ப்ஹா’ என்று காதில் விழும். அது வேறு சொல், எழுதும்போது பலர் இந்த எழுத்தையே போடுவதால் குழம்ப வேண்டாம்.

தள்ளுபடியை யாரும் விளக்கவில்லை, அங்கேதான் கையிலிருந்து காசு போகும். தா3 ஜெ2 என்பதன் நடுவில் வரும் எண், குறைக்கும் பங்கு அல்ல. நாம் கொடுக்க வேண்டிய பங்கு, பத்தில் இத்தனை. தா3 பா1 ஜெ2 (எட்டு) என்றால் 80 சதவீதம் கொடுக்கிறோம், தள்ளுபடி 20. 200 யுவான் சட்டைக்கு 7 என்று எழுதியிருந்தால் 140 கொடுக்க வேண்டும். ஒன்பதும் ஐந்தும் சேர்ந்து வந்தால் 9.5, அதாவது 95 சதவீதம். 100 யுவானில் வெறும் 5 குறையும். எண் சிறியதாக ஆக லாபம் கூடும். பாதி விலைக்குத் தனியாகத் தா3 துவெய்4 ஜெ2 என்று உண்டு. பலகையில் எண்ணுக்குப் பின்னால் ‘ச்சி3’ என்ற எழுத்து இருந்தால் “இதிலிருந்து தொடக்கம்”; கடையில் ஏதோ சில பொருளுக்கு மட்டும் அந்த விலை. விலைச்சீட்டில் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சொல்வேட்டை:

விடுபட்ட இரண்டு. வட சீனப் பேச்சில் ‘தா3’ “இருந்து” என்ற பொருளிலும் வரும்: தா3 நார்3 லாய்2, எங்கிருந்து வருகிறாய். புரிந்துகொள்ளத் தெரிந்தால் போதும், எழுத்தில் ‘ட்ஸ்ஹோங்2’ போடுங்கள். மற்றது, இதே எழுத்து இரண்டாம் தொனியில் ‘தா2’ என்றால் டஜன். ஆங்கிலச் சொல்லின் ஒலியைக் கடன் வாங்கியது. ஈ4 தா2 என்றால் பன்னிரண்டு. முட்டை, பீர், பென்சில் முன்னால் ஓர் எண்ணும் இந்த எழுத்தும் வந்தால் அடிப்பதைத் தேடாதீர்கள், எண்ணிக்கை என்று படியுங்கள்.

ஏழாம்பக்கம்:

கைபேசியில் தட்டும்போது ‘தா’ ஒன்றை மட்டும் அடித்தால் பொதுவாக ‘பெரிய’ என்ற தா4 முன்னால் நிற்கும், நமக்கு வேண்டியது பின்னால் போய்விடும். முழு ஜோடியையும் சேர்த்து ஒரே மூச்சில் தட்டுங்கள்: தா-தியென்-ஹுவா, தா-லான்-ச்சியூ. சரியான எழுத்து தானாக வரும். ப்ளெகோ அகராதியிலும் இப்படி ஜோடியாகத் தேடினால் அந்தப் பொருளுக்கான எடுத்துக்காட்டு வாக்கியங்கள் நேராகக் கிடைக்கும். தனி எழுத்தாகத் தேடினால் முழு நீளப் பட்டியலில் இறங்க வேண்டியிருக்கும்.